கச்சேரி ஒலிப்பதிவும் புதுக்கோட்டை லய மரபும்

கச்சேரி ஒலிப்பதிவு என்பது சபா, கோயில், திருமண வீடு போன்ற இடங்களில் அவையோர் முன்னிலையில் நடைபெறும் இசை நிகழ்ச்சியை அப்போதே பதிவு செய்வதாகும். கருநாடக இசையில் இத்தகைய பதிவுகள் பலவற்றை எடுத்தவர்களும் பாதுகாத்தவர்களும் ரசிகர்களே. இசைத்தட்டில் அடங்காத தனி ஆவர்த்தனங்கள் இவற்றால்தான் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

பின்னணி

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். ஆலாபனையைச் சுருக்க வேண்டியிருந்தது. தனி ஆவர்த்தனத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. காந்த நாடாவில் பதியும் கருவி 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1200 அடி நாடா கொண்ட 7 அங்குல ஸ்பூல், விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பதியும். 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்திய பின் படியெடுப்பது எளிதாயிற்று.

புதுக்கோட்டை மரபு

கறம்பக்குடி, ஆலங்குடி, திருமயம் முதலிய வட்டங்களைக் கொண்ட இன்றைய மாவட்டத்துக்குப் பெயர் தந்த புதுக்கோட்டை சமஸ்தானம், 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கு வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்தார். தவில் மரபின் கணக்குகளில் வேரூன்றிய இவரது வழியே புதுக்கோட்டைப் பாணி எனப்படுகிறது. இவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புகழ் பெற்றார். நாடாப் பதிவு பரவும் முன்பே இருவரும் மறைந்தனர். அவர்கள் வாசிப்பின் பெருமையை மாணவர் வழியாகவும் செவிவழிச் செய்தியாகவுமே அறிய முடிகிறது.

அடுத்த தலைமுறையின் நிலை வேறு. மான்பூண்டியா பிள்ளையின் மாணவரான பழனி முத்தையா பிள்ளையின் மகன், இடக்கை மிருதங்கக் கலைஞர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் முதலியோருக்கு அவர் வாசித்த கச்சேரிகளின் பதிவுகள் கிடைக்கின்றன. தொப்பியில் எழும் கும்கியின் குழைவையும், கோர்வை சமத்தில் வந்து விழுவதையும் அவற்றில் நேரடியாகக் கேட்கலாம். இவருடைய மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்த லய மரபைக் கற்பித்தார்.

பதிவைக் கேட்கும் முறை

இப்பதிவுகளில் இருமலும் நாடா இரைச்சலும் உண்டு. ஸ்பூல் மாற்றும்போது சில ஆவர்த்தனங்கள் விடுபட்டிருக்கும். ஆயினும் அவையோர் போடும் தாளமும் ‘சபாஷ்’ ஒலியும் கலைஞரை எவ்வாறு தூண்டின என்பதும் கேட்கும். சுருதியைக் கவனிக்க வேண்டும்: நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், காலப்பிரமாணமும் மாறும். அவ்வாறான பதிவை வைத்து ஒரு கலைஞரின் வேகத்தை மதிப்பிடுவது பிழையாகும்.

ராக் இசையில்

ராக் இசையிலும் இதே வழக்கம் உண்டு. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, பதிவு செய்யும் ரசிகர்களுக்கென 1984-இல் தனி இருக்கைப் பகுதியை ஒதுக்கியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த அக்குழுவின் நிகழ்ச்சிப் பதிவு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துநர் உரிமையை உருவாக்கியது. சொந்தப் பயன்பாடு, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கான பதிவுக்கு அது விலக்கு அளிக்கிறது, விற்பனைக்கு அளிப்பதில்லை.

நாடாக்கள் பூஞ்சை பிடித்தும் பிசுபிசுத்தும் கெடுகின்றன. ஒவ்வொரு படியெடுப்பிலும் இரைச்சல் கூடுவதால், மூல நாடாவிலிருந்தே மின்னணு வடிவுக்கு மாற்றுவது நல்லது. நாள், இடம், பாடியவர், பக்கவாத்தியக்காரர் பெயர்களையும் உடன் குறித்து வைக்க வேண்டும். பரணில் கிடக்கும் பெயரில்லாத ஸ்பூலில் மிருதங்கம் வாசித்தவர் யார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதிய ரசிகர்கள் குறைந்து வருகின்றனர்.