விருந்தும் மருந்தும் மூன்று நாள்

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பாரிஸ் என்றால் ஐஃபில் கோபுரம் நினைவுக்கு வராது; அங்கே இருக்கும் அத்தையோ சித்தப்பாவோதான் வருவார்கள். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறினாலும், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ‘சொல்தா’ ஆனவர்கள், சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு அங்கிருந்தே பிரான்சுக்குப் போனவர்கள் என்று ஊரில் பாதிக் குடும்பம், கடல் தாண்டிப் பாதிக் குடும்பமாயிற்று. போனவர்கள் ஊருக்கு வந்து போகும் விதம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றல்ல.

அன்றைக்கு வருகை என்றால் ஜூலை, ஆகஸ்ட். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியே கிடையாது, பெரியப்பா வீடுதான். முதல் சடங்கு பெட்டி திறப்பு. செண்ட் பாட்டில், சோப்பு, சாக்லெட் எல்லாம் உடனே கைமாறும். சீஸ் மட்டும் மாட்டிக்கொள்ளும்; ‘கெட்டுப்போனதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?’ என்று அதை வெளியே வீசப் போன பாட்டிகள் இந்த ஊரில் ஏராளம்.

பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தில் முன்னாள் சொல்தாக்கள் பதக்கங்களோடு நிற்க, இரண்டு நாட்டுப் பண்களும் ஒலிக்கும். ஞாயிறு என்றால் காலையில் கப்ஸ் கோயில், சம்பா கோயில் என்ற தேவாலயங்களில் ஒன்றில் பூசை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் வீடு வீடாக ஒரு நடை. மதியம் கடைகள் சாத்தியிருக்கும், ஊரே உறங்கும். சாயங்காலம் திண்ணை, இல்லாவிட்டால் கடற்கரை. அப்போது அங்கே கால் புதைய மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் எழும்பியதும் மணல் வரத்து நின்றது, கரையைக் காக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

இன்றைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகள். ஆண்டுக்கு ஐந்து வார விடுப்பு. அதில் கேரளம் ஒரு வாரம், ராஜஸ்தான் ஒரு வாரம். நடுவே சொந்தக்காரர்களுக்கென்று புதுச்சேரியில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. சென்னை விமான நிலையத்தில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் ஊர். ஆனால் அதே சனிக்கிழமை பெங்களூரு, சென்னைக் கார்களும் கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் வந்து நிற்கின்றன. அறை வாடகை ஏறிவிடும். அன்று பூட்டிக் கிடந்த பழைய வீடுகள் பலவும் இன்று தங்கும் விடுதிகள். உள்ளூர்க்காரர்களோ சனி, ஞாயிறில் பெரிய வாய்க்காலைத் தாண்டி ஒயிட் டவுன் பக்கம் போகவே யோசிக்கிறார்கள்.

அதனால் சந்திப்பு வாட்ஸ்அப்பில் முடிவாகிறது: மாமா வீடு பதினொன்று, சித்தி வீடு பன்னிரண்டரை, எல்லோரும் இரவு ஓட்டலுக்கு வந்துவிடுங்கள். பேசவும் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில், கல்யாணக் கதை ஒன்றே நாலு நாளைக்குத் தாங்கும். இப்போது ‘அதான் போட்டோவுல பாத்தோமே’ என்பதோடு சரி.

ஊரைச் சுற்றிக் காட்டும்போதும் வேடிக்கைதான். பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடத்தைப் பார்த்து ‘அப்படியே இருக்கே!’ என்பார்கள். அது 2014 மழையில் இடிந்து விழுந்து, அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தது. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் யானை லட்சுமியைத் தேடுவார்கள். அது 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்துவிட்டது என்று சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லி ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் திண்ணையில் சாவகாசமாக இருந்த அந்த இரண்டு மாதமும் அடுப்படியில் நின்றது யார்? விடிந்ததும் பெரிய மார்க்கெட்டுக்கு மீனுக்கு ஓட வேண்டும். விருந்தாளி ஊர் திரும்பும்போது கொடுக்க, மே மாத வெயிலிலேயே வடகம் போட்டு வைத்திருக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம் சேர்த்து, நாள்தோறும் பிசைந்து உருட்டி வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி எடுப்பதற்குள் கை எரிந்து போகும். பெட்டிக்குள் செண்ட் வாசனையை அமுக்கிவிடும் என்று அதைச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றிக் கொடுத்ததும் வீட்டுப் பெண்கள்தான்.

வந்தவர்களும் சும்மா வரவில்லை. பாதி நாள் பாகப்பிரிவினைப் பேச்சிலும் பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகத்திலும் போகும். மீதி நாளில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பார்கள். திண்ணைப் பேச்சுக்குள்ளேயே கணக்கும் மனத்தாங்கலும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது வடகம் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. இரவில் சித்தியும் ஓட்டலில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அன்றைக்கு அவருக்கு அந்த நாற்காலி கிடைத்ததில்லை. இழந்தது வேறொன்று. யார் யாருக்கு என்ன முறை என்பது இரண்டு மாதம் ஒரே கூரையின் கீழ் புரண்ட பிள்ளைகளுக்குத் தானாக ஏறியது. ஒன்றரை மணி நேரச் சந்திப்பில் அது ஏறாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை அன்றைய விருந்தாளிகள் யாரும் மதித்ததில்லை. இன்றைய பிள்ளைகள் மூன்றாவது நாளே விமானம் ஏறி அதைக் காப்பாற்றுகிறார்கள். அந்த நாட்களை எட்டு வீட்டுக்குப் பங்கு போடாமல், ஒரே வீட்டில் எல்லோரையும் கூட்டி, மீன் கழுவவும் வெங்காயம் உரிக்கவும் வந்தவர்களும் கை கொடுத்தால், மூன்று நாள் தாராளம்.