பனிக்குள் மறையும் முகங்கள்

பதுளையை அடுத்த நமுனுகுலைச் சாரலில், வெண்பனி சூழக் கொழுந்து பறித்து நிற்கும் அன்னையை நாம் படம் பிடிப்பதாகக் கொள்வோம். படத்திலே பனி சாம்பல் நிறமாய் மங்கியிருக்கும். அன்னையின் முகமோ இருண்டிருக்கும். காரணம் யாது? டிஜிட்டல் கமரா எக்காட்சியையும் நடுத்தர ஒளியுடையதாகவே எண்ணி அளப்பது. பனியின் வெண்மையைக் கண்டதும் ஒளி மிகுதியென மயங்கி, அதனைக் குறைத்துவிடுகிறது.

மாற்று எளிது. கூட்டல், கழித்தல் குறிகளுள்ள பொத்தானை +1 இல் வைத்தால் படம் இரு மடங்கு ஒளியுடன் பதியும், முகமும் தெளியும். அதற்கென ஷட்டர் வேகம் 1/60 வினாடியிலிருந்து 1/30 ஆகத் தாழ்ந்தால் கைநடுக்கம் படத்தைக் கலைக்கலாம். அப்போது ஐ.எஸ்.ஓ. எண்ணை 200 இலிருந்து 400 ஆக உயர்த்துதல் நன்று.

படத்தின் அளவிலும் நமக்குக் கருத்து வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிடுவதாயின், 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200 புள்ளிகள் போதும். சுவரில் மாட்டும் 12 × 8 அங்குலப் படத்துக்கோ 3600 × 2400, அதாவது நான்கு மடங்கு தேவை. இடம் மிச்சமாகுமென்று சிறிய அளவில் பதிந்துவிட்டால், இல்லாத நுணுக்கங்களைப் பின்னர் எந்த ஸ்டூடியோவும் மீட்டுத் தர இயலாது. நாளை லயத்துச் சுவரில் நம் பிள்ளைகள் மாலையிடப்போவது இப்படத்துக்காகவே இருக்கலாம். ஆதலின், அளவைப் ‘பெரிது’ என வைத்தே படம் பிடிப்போமாக.