புகைக்கும் கணக்கு வேண்டும்

தேயிலைத் தொழிற்சாலையின் விறகு உலை முதல் பேக்கரி அடுப்பு வரை, பொகவந்தலாவையில் புகையோடு சம்பந்தப்பட்ட தொழில்கள் பல. அயலவர் முறையிட்டாலோ, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றிக் கேள்வி எழுந்தாலோ கையில் ஆதாரம் இருப்பது நல்லது. சில நூறு டொலருக்குக் கிடைக்கும் சிறிய உணரிக் கருவிகள் இதற்கு உதவுமா? உதவும். ஆனால் தராசுக்கு முத்திரை அவசியம் என்பதுபோல இவற்றுக்கும் சரிபார்ப்பு அவசியம்.

இக்கருவிகள், துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு நுண்துகளின் (பி.எம். 2.5) அளவை மதிப்பிடுகின்றன. மூடுபனியில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பதால் அளவு கூடுதலாகக் காட்டும். மலையகத்தில் இதுவே பெரிய சிக்கல்.

ஓர் உதாரணம். பேர்ப்பிள்எயார் கருவிகளுக்கென அமெரிக்க சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2021இல் வெளியிட்ட சூத்திரப்படி, ஈரப்பதன் 90 சதவீதமாக உள்ளபோது கருவி காட்டும் 60 மைக்ரோகிராம் உண்மையில் சுமார் 29 தான். இலங்கையின் 24 மணிநேர எல்லை 50. திருத்தாத கணக்கில் குற்றவாளி, திருத்திய கணக்கில் நிரபராதி! ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் 15 என்ற அளவை இதுவும் தாண்டுகிறது. அத்தோடு அது அமெரிக்கக் காலநிலைக்கான சூத்திரம். நமக்கு நம் இடத்து ஒப்பீடு தேவை.

எனவே வர்த்தகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மூலப் பதிவை அழிக்காதீர்கள். பற்றுச்சீட்டு வேறு, பேரேடு வேறு. திருத்திய அளவைத் தனி நிரலில் எழுதுங்கள்.

2. கருவி இருக்கும் இடம், உயரம், மின்வெட்டு நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பதிவில்லாத நேரம் பூச்சியமல்ல. ஒரு மணித்தியாலத்தில் 75 சதவீதப் பதிவாவது இல்லையேல் அதன் சராசரியை ஒதுக்குவதே வழமை.

3. அயற்கருவிகளுடன் ஒப்பிடுங்கள். உங்களுடையது மட்டும் உயர்ந்தால் முதலில் கருவியையும், பின் புகைபோக்கியையும் பாருங்கள். எல்லாம் ஒன்றாக உயர்ந்தால் காரணம் வெளியே இருக்கலாம். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசினால் பல நகரங்களில் அளவு ஒரேயடியாக உயர்ந்து, 9ஆம் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டன.

ஆகவே தனியாக வாங்குவதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி ஒருவரிடம் கணக்கை ஒப்படைப்பதே இலாபம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தரமான கருவி அருகே ஒன்றைச் சில வாரங்கள் வைத்து ஒப்பிட முடியுமா என்றும் விசாரியுங்கள். இது உத்தியோகபூர்வப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் அதிகாரி வருமுன்னே உங்கள் குறையை உங்களுக்குச் சொல்லிவிடும்.