குத்தகைச் சீட்டு யார் பெயரில்?

1999, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். மைக்ரோசாஃப்டின் ஈமெயில் சேவையான ஹாட்மெயிலைத் திறக்கப் போன பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. சர்வர் பழுதில்லை, வைரஸும் இல்லை. பயனர்களைச் சரிபார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்த பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைனுக்கு 35 டாலர் கட்ட மைக்ரோசாஃப்ட் மறந்திருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து புரோகிராமர் ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கிரெடிட் கார்டிலேயே பணத்தைக் கட்டினார். ஹாட்மெயிலுக்கு உயிர் வந்தது.

டொமைனை ‘வாங்கிவிட்டேன்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகை. டாட் காம் பெயரை ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். மேலே விதிமுறை வகுப்பது 1998-ல் தொடங்கிய ஐகான் என்ற அமைப்பு. டாட் காம் பதிவேட்டை வெரிசைன் என்ற நிறுவனம் வைத்திருக்கிறது. நம் டாட் இன் பதிவேடு நிக்சி என்ற அமைப்பிடம். நாம் பணம் கட்டுகிற ரெஜிஸ்ட்ரார் நடுவில் நிற்கும் முகவர்தான். நம் வெப்சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டர் வேறு. அதற்குக் கட்டுவது ஹோஸ்டிங் பணம். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குவதால் பலரும் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த சிவகாசி அச்சகக்காரர் ஒருவர் அப்படித்தான் நினைத்தார். ஹோஸ்டிங் பணத்தைத் தவறாமல் கட்டிவந்தார். ஒரு நாள் வெப்சைட் திறக்கவில்லை. அதைவிட மோசம், அதே டொமைனில் இருந்த ஈமெயிலும் செத்துப்போனது. காலண்டர் ஆர்டர் குவியும் சீசன் வேறு! விசாரித்தால், வெப்சைட் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரிலும் தன் ஈமெயிலிலும் பதிந்திருக்கிறான். ‘காலாவதியாகப் போகிறது’ என்ற நினைவூட்டல்கள் எல்லாம் அவனுக்கே போயிருக்கின்றன, அவனோ துபாயில். கடைசியில் அவன் அம்மாவைப் பிடித்துத்தான் அவனைப் பிடிக்க முடிந்தது.

அவசரம் எதற்கென்றால், டாட் காம் காலாவதியான பிறகு சில வாரங்கள்தான் பழைய விலைக்குப் புதுப்பிக்க விடுவார்கள். எத்தனை நாள் என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. அடுத்த 30 நாளில் மீட்கலாம், ஆனால் பல மடங்கு அபராதம். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது. அதற்கப்புறம் முந்துகிறவருக்குச் சொந்தம். உங்கள் கடைப் பெயரில் சூதாட்ட விளம்பரம் வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். அந்த ஈமெயில் அதே டொமைனைச் சேர்ந்ததாக மட்டும் இருக்கக் கூடாது. டொமைன் படுத்தால் அதுவும் சேர்ந்து படுக்கும், சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆட்டோ ரினியூவலையும் முழுசாக நம்ப வேண்டாம், கார்டு காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். முதல் வருஷ விலையைக் கூவி விற்பார்கள். இரண்டாம் வருஷ விலையைக் கேளுங்கள். ரெஜிஸ்ட்ரார் பிடிக்கவில்லையா? ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டை வாங்கிக்கொண்டு வேறிடத்துக்கு மாறலாம். புதிதாகப் பதிந்த டாட் காமுக்கு மட்டும் 60 நாள் பொறுக்க வேண்டும்.

பெயர் தேர்வில் நமக்கென்று ஒரு தனித் தலைவலி உண்டு: ழகரம். ‘வாழை’யை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். போனில் ஒரு தடவை சொன்னாலே எதிராளி பிழையில்லாமல் அடிக்கக்கூடிய பெயர்தான் நல்ல பெயர். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எனத் தமிழிலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன. ஆசைதான், ஆனால் அப்படி முடியும் ஈமெயில் முகவரியை ஏற்காத விண்ணப்பப் படிவங்கள் இன்னும் நிறைய. பிரபல நிறுவனத்தின் சாயலில் பெயர் வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சிஃபி என்ற இணைய நிறுவனப் பெயரைப் பற்றிய வழக்கில், டொமைனுக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது.

அச்சகக்காரருக்கு டொமைன் திரும்பக் கிடைத்தது, அபராதத்தோடு. காலாவதி தேதியைத் தன் பிரஸ்ஸில் அடித்த மாதக் காலண்டரிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.