எழுத்துக் கற்பித்த நாவல்

"கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்பது நம் முன்னோர் வாக்கு. "கதைப் புத்தகம் படித்துப் பொழுதை வீணாக்காதே" என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் வாக்கு. இவ்விரண்டில் எது சரி? பாடநூலுக்கு அடியில் நாவலை மறைத்து வைத்துப் படிக்கும் மாணவியும், அதைக் கண்டு கவலைப்படும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தேட, வட இந்தியாவில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு நாவலின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். அந்த நாவலின் பெயர் 'சந்திரகாந்தா'. 1888-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த இந்தி நாவலை எழுதியவர் தேவகிநந்தன் கத்ரி. அதைப் படிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையால் பலர் புதிதாக ஓர் எழுத்துமுறையையே கற்றுக் கொண்டனர் என்று இந்தி இலக்கிய வரலாறு கூறுகிறது.

காடு தந்த கதை

கத்ரி 1861-இல் இன்றைய பீகார் மாநிலத்தில் பிறந்தவர். அவரது குடும்பம் காசி நகரில் வாழ்ந்த வணிகக் குடும்பம். காசி மகாராஜாவின் ஆளுகையில் இருந்த சகியா, நௌகட் பகுதிக் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தொழில் அவருக்குக் கிடைத்தது. தொழில் நிமித்தம் மலையும் காடும் சுற்றியவர், அங்கங்கே இடிந்து கிடந்த கோட்டைகளையும் குகைகளையும் கண்டார். கூரையிழந்த மண்டபமும், எங்கே போகிறது என்று தெரியாத சுரங்க வழியும் அவர் கற்பனைக்குத் தீனி போட்டன. பிற்காலத்தில் பேனா பிடித்தபோது அந்தக் காடே கதையின் களமாயிற்று.

இந்தக் கதையில் மூன்று அரசுகள் வருகின்றன. அவை நௌகட், விஜயகட், சுனார்கட். 'கட்' என்றால் கோட்டை. மூன்றுமே இன்றும் உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் ஊர்களின் பெயர்கள்தாம். கங்கைக் கரையில் நிற்கும் சுனார் கோட்டைக்காக ஷேர் ஷாவும் ஹுமாயூனும் போரிட்டதை நாம் சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம். இடங்கள் உண்மையானவை, அரசர்களோ ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவர்கள்.

நௌகட் இளவரசன் வீரேந்திர சிங். விஜயகட் இளவரசி சந்திரகாந்தா. இருவரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். விஜயகட் திவானின் மகன் குரூர் சிங்குக்கு இது பிடிக்கவில்லை. இளவரசியையும் அரசையும் தானே அடைய எண்ணும் அவன், தன் சூழ்ச்சி பலிக்காதபோது சுனார்கட் மன்னன் சிவதத்தனிடம் ஓடி, அவனைப் போருக்குத் தூண்டிவிடுகிறான். ஒருவனுடைய பொறாமையால் மூன்று அரசுகள் பகையில் சிக்குகின்றன. சந்திரகாந்தாவும் அவளுடைய தோழி சபலாவும் ஒரு மாயக் கோட்டைக்குள் அகப்பட்டுக்கொள்ள, அவர்களை இளவரசன் எப்படி மீட்கிறான் என்பதே எஞ்சிய கதை.

அய்யார்களும் திலிஸ்மும்

இந்த நாவலை வாசகர் கீழே வைக்க முடியாமல் செய்தவை இரண்டு. ஒன்று, 'அய்யார்' எனப்படும் பாத்திரங்கள். (நம் ஊர் 'ஐயர்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது அரபு மொழியிலிருந்து வந்த சொல்.) அய்யார் என்பவர் அரசனுக்குத் துணையாக இருக்கும் தந்திரசாலி. மாறுவேடம், மருந்து, இசை, ஓட்டம், ஆயுதப் பயிற்சி என்று அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. தோளில் ஒரு பை தொங்கும். மயக்கப் பொடி, மயக்கம் தெளிவிக்கும் மருந்து, மதில் ஏறும் கயிறு எல்லாம் அதற்குள் இருக்கும். அரசர்களுக்குள் பகை மூளும்போது, இரத்தம் சிந்தாமலும் படைவீரர் உயிரைப் பலி கொடுக்காமலும் தம் சாமர்த்தியத்தால் சண்டையை முடித்து வைப்பவர்கள் அய்யார்கள் என்று ஆசிரியர் தம் முன்னுரையிலேயே விளக்குகிறார். வாளைவிட அறிவுக்கு மதிப்புத் தரும் போர்க்கதை இது!

பெண்களுக்கும் இந்த வித்தையில் இடம் இருக்கிறது என்பது நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. இளவரசியின் தோழி சபலா, அய்யார் வித்தையில் ஆண்களுக்குச் சளைத்தவள் அல்லள். இன்னொரு தோழியான சம்பாவும் அப்படியே. 1888-இல், பெண் கல்வி அரிதாயிருந்த காலத்தில் எழுதப்பட்ட கதை என்பதை நினைத்தால் சபலாவின் துணிவு நமக்கு வியப்பூட்டுகிறது.

மற்றொன்று, 'திலிஸ்ம்' என்னும் மாயக் கோட்டை. பழங்காலத்து அரசர் ஒருவர் தம் செல்வத்தைப் புதைத்து வைத்து, அதைக் காக்கப் பொறிகளும் சுழல் கதவுகளும் மறைவழிகளும் அமைத்த இடம் அது. உருது மொழியில் இத்தகைய கதைகள் முன்பே உண்டு. 'திலிஸ்மே ஹோஷ்ருபா' என்ற மாபெரும் கதைத் தொகுதி 1883 முதல் லக்னோவின் நவல்கிஷோர் அச்சகத்திலிருந்து வெளிவந்து புகழ் பெற்றிருந்தது. அக்கதைகளில் மந்திரவாதிகளும் பூதங்களும் வருவார்கள். கத்ரியோ மந்திரத்தை ஒதுக்கிவிட்டார். அவர் கதையில் ஒரு கல் கொக்கு வாயைத் திறந்து ஆளை விழுங்குகிறது. அதற்குக் காரணம் மந்திரமன்று, உள்ளே இருக்கும் பொறியமைப்பு. எந்த அதிசயத்துக்கும் பின்னால் ஓர் இயந்திரமோ மருந்தோ இருக்கும். "இது எப்படி நடந்தது?" என்று வாசகரைக் கேட்கத் தூண்டிவிட்டு, பிறகு விடையும் சொல்லும் புதுமை அவருடையது.

கதைக்காகக் கற்ற எழுத்து

இப்போது வாசகர்களிடம் வருவோம். அக்கால வட இந்தியாவில் கடைவீதியிலும் வீட்டிலும் மக்கள் பேசிய மொழி பெரும்பாலும் ஒன்றுதான். அதைப் பாரசீக எழுத்தில் எழுதினால் உருது. தேவநாகரி எழுத்தில் எழுதினால் இந்தி. நீதிமன்றங்களில் நடைமுறையில் இருந்தது பாரசீக எழுத்து. ஆகவே, உத்தியோகத்தை நாடிய குடும்பங்களில் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி உருதுவையே கற்றனர். தேவநாகரியையும் நீதிமன்றங்களில் பயன்படுத்தலாம் என்ற அரசாணை 1900-ஆம் ஆண்டில்தான் வந்தது. 'சந்திரகாந்தா' அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது. அதாவது, தேவநாகரி கற்றால் உத்தியோகம் கிடைக்கும் என்ற ஆசை காட்ட வழியில்லாத காலத்தில் அந்நாவல் பிறந்தது.

அதன் மொழி எளிமையானது. கடினமான வடசொற்களை அடுக்காமல், உருதுச் சொற்களும் கலந்த பேச்சு நடையில் கத்ரி எழுதினார். அத்தியாயங்கள் சிறியவை. ஒருவர் உரக்கப் படித்தால் உருது மட்டும் அறிந்தவரும் முழுக்கப் புரிந்துகொள்ளலாம். ஆனால் தாமே படிக்க வேண்டுமென்றால்? எழுத்துத் தெரியாதே! அடுத்தவர் வந்து படித்துக் காட்டும்வரை, சந்திரகாந்தா என்ன ஆனாள் என்று தெரியாமல் எத்தனை நாள் காத்திருப்பது? மொழியோ பழகிய மொழி; எழுத்து மட்டுமே புதிது. கதையின் ஆவல் அந்தச் சிறு தடையைத் தாண்ட வைத்தது. இந்நாவலுக்காகவே உருது படித்த பலர் இந்தி எழுத்தைக் கற்றனர் என்று பதிவு செய்தவர் இந்தி இலக்கிய வரலாற்று ஆசிரியர் இராமச்சந்திர சுக்லர். ஆணையும் பரிசும் செய்யாததை ஆவல் செய்தது.

வாசகர் ஆதரவு கத்ரியை விடவில்லை. அடுத்த தலைமுறையின் கதையை 'சந்திரகாந்தா சந்ததி' என்ற பெயரில் இருபத்து நான்கு பாகங்களாக எழுதினார். காசியில் 'லஹரி' என்ற சொந்த அச்சகத்தை நிறுவினார். அதன்பின் தொடங்கிய 'பூதநாத்' முற்றுப்பெறும் முன்பே 1913-இல் அவர் காலமாக, அவருடைய மகன் துர்கா பிரசாத் கத்ரி அதை எழுதி முடித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1994-இல் நீர்ஜா குலேரி தயாரிப்பில் 'சந்திரகாந்தா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, நாவலிலிருந்து பெரிதும் மாறியிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பல குடும்பங்கள் அதன் முன் கூடின.

அறிஞரின் தீர்ப்பு

இத்தனை வாசகரைக் கவர்ந்த நூலை அறிஞர் உலகம் எப்படி ஏற்றது? மேலே சொன்ன சுக்லரே 1929-இல் வெளிவந்த தம் இலக்கிய வரலாற்றில் தீர்ப்பும் வழங்குகிறார். சம்பவங்களை அடுக்கி வியப்பூட்டுவதே இக்கதைகளின் நோக்கம். உள்ளத்து உணர்ச்சிகளையும் குணச்சித்திரத்தையும் இவற்றில் காண முடியாது. ஆகவே இவை உயர்ந்த இலக்கிய வரிசையில் சேரா என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் நேர்மையான திறனாய்வாளர். கத்ரியைப் போல இத்தனை வாசகரை உண்டாக்கிய எழுத்தாளர் வேறு எவரும் இல்லை என்பதையும் அவரே எழுதி வைத்தார். இலக்கியம் அன்று என்று ஒதுக்கிய நூலுக்கு இலக்கிய வரலாற்றில் இடமும் தந்தார்!

இதில் முரண்பாடு ஏதும் இல்லை என்றே நாம் கருதுகிறோம். சுக்லர் அளந்தது நூலின் தரத்தை. காசியிலும் அதற்கப்பாலும் இருந்த வாசகர் உணர்ந்தது நூலின் வலிமையை. வீரேந்திரன் கடைசிவரை வீரனாகவே இருக்கிறான். குரூர் சிங் பெயருக்கேற்பக் குரூரனாகவே இருக்கிறான். மனம் மாறுதல், தவறு செய்து வருந்துதல், நல்லவனுக்குள்ளும் எழும் போராட்டம் முதலியவை இதில் குறைவு. அந்த ஆழத்துக்கு இந்தி வாசகர்கள் பிரேம்சந்த் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பிரேம்சந்தும் சிறுவயதில் 'திலிஸ்மே ஹோஷ்ருபா' போன்ற மாயக் கதைகளைத் தேடித் தேடிப் படித்து வளர்ந்தவர்தாம். அவர் பின்னாளில் ஏழை உழவனின் துயரத்தை எழுதினார். அவருடைய நாவல்கள் வெளிவந்தபோது அவற்றைப் படிக்க நாகரி எழுத்தறிந்த வாசகர் கூட்டம் ஒன்று இருந்ததென்றால், அதில் கத்ரிக்கும் பங்கு உண்டு.

நாம் பெறும் பாடம்

முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பெற்றோரின் கவலை வெறுங்கவலை அன்று. திலிஸ்முக்குள் நுழைந்தவர் வெளிவர வழி தெரியாமல் சுற்றுவது போல, வியப்பூட்டும் கதைகளிலேயே வாழ்நாளைக் கழிப்பவரும் உண்டு. ஒரே சுவையை மட்டும் உண்பவர் உடல் நலம் பெறாது; வாசிப்பும் அப்படியே. தேர்வுக்கு முதல்நாள் இரவு அரச குமாரர்களோடு குதிரையேறிப் போவது யாருக்கும் நன்மை தராது.

ஆனால் கதைப் புத்தகத்தைப் பிடுங்கி வைப்பதால் நல்ல நூல்களின் மேல் ஆசை பிறந்துவிடாது. வாசிப்பு என்னும் பழக்கம் கட்டளையால் வருவது அரிது. அடுத்த பக்கத்தில் என்ன என்ற துடிப்பால் வருவது எளிது. அந்தத் துடிப்பு ஒருமுறை பற்றிக்கொண்டால், அதை மெல்ல உயர்ந்த நூல்களின் பக்கம் திருப்பலாம். நூலகத்தில் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்கும் ஆசிரியையும், "நீ படித்த கதையை எனக்குச் சொல்" என்று கேட்கும் தாயும் அந்தத் தொண்டைச் செய்கிறார்கள்.

'சந்திரகாந்தா'வில் ஓர் அழகான அமைப்பு உண்டு. மாயக் கோட்டையின் பூட்டுகளை வாளால் வெட்டித் திறக்க முடியாது. அதன் இரகசியங்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பெற்று, பொறுமையாகப் படித்து, அதில் சொன்னபடி செய்பவனுக்கே கதவுகள் திறக்கும். வீரன் வீரேந்திரனும் வாளை உறையில் இட்டு, புத்தகத்தை விரித்துப் படித்த பின்பே சந்திரகாந்தாவை மீட்கிறான். கத்ரி இதை நமக்கு அறிவுரையாக எழுதவில்லை. கதையின் சுவைக்காகவே எழுதினார். ஆயினும் அவருடைய வாசகர்கள் செய்ததும் அதுவேயன்றோ? புரியாத எழுத்துகளின் முன் நின்றனர், கற்றனர், கதவு திறந்தது.

மாணவியரே, நம் கையிலும் எழுத்து என்னும் திறவுகோல் இருக்கிறது. கதையில் தொடங்குவோம், கதையோடு நின்றுவிடாமல் மேலும் படிப்போம்.