எரிச்சலுக்கு ஒரு சாயம்

பட்டு நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டால் நினைத்தபோது எழுந்துவிட முடியாது. கோர்வைச் சேலையென்றால் கரைக்கு நாடா கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நிற்கும். இப்படி உட்கார்ந்தே செய்கிற வேலையில் தண்ணீர் குடிப்பது குறைகிறது, சிறுநீரை அடக்குவது கூடுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு அது ஒரு தூரமே இல்லை.

ஆனால் காஞ்சிபுரமானாலும் சென்னையானாலும், நீர்க்கடுப்பு வந்தால் நாம் முதலில் பழி போடுவது உடம்புச் சூட்டின் மேல். இளநீர், பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் என்று இரண்டு நாள் ஓடும். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக் கடையில், யாரும் கேட்காதபடி மெல்லிய குரலில்: “அண்ணா, நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க.”

கைக்கு வருவது பெரும்பாலும் சிட்ரால்கா, அல்கசால் போன்ற ஒரு சிரப். உள்ளே இருப்பது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். உடலில் அது பைகார்பனேட்டாக மாறிச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அதனால் எரிச்சல் தணியும் என்பது நம்பிக்கை. 2016-இல் காக்ரேன் ஆய்வுக் குழு இதற்கு ஆதாரம் தேடியபோது, தகுதியான ஒரு பரிசோதனைகூடச் சிக்கவில்லை! இன்னொரு வேடிக்கை: சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர்கள் தரும் நைட்ரோஃபுரான்டாயின், சிறுநீர் அமிலமாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றின் காலை வாருகிறது. சிரப்பில் சோடியம் இருப்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

இதே எரிச்சலுக்கு அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கப்படுவது ஃபெனசோபிரிடின். நம்மூரில் பைரிடியம் என்ற பெயரில் அறிமுகமானது. இது உண்மையில் ஒரு சாயம். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் அசோ குடும்பம்; பட்டு நூலுக்கு ஏற்றும் சாயங்களில் பலவும் இதே வம்சம்தான். முதலில் கிருமிநாசினி என்றுதான் விற்றார்கள். கிருமி சாகவில்லை, வலி மட்டும் குறைந்தது. ஆனால் அதே குடும்பத்தின் புரோன்டோசில் வேறு கதை: 1932-இல் கெர்ஹார்ட் டோமாக் சோதித்த அந்தச் சிவப்புச் சாயம் உடலுக்குள் உடைந்து சல்ஃபனிலமைடைக் கொடுத்து, உண்மையிலேயே பாக்டீரியாவை அடக்கியது. 1939-இல் அவருக்கு நோபல்.

ஃபெனசோபிரிடின் சிறுநீர்ப் பாதையின் உட்சுவரை மரத்துப்போக வைக்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். துணியில் பட்டால் கறை லேசில் விடாது. தொற்றுக்கான மருந்தோடு இரண்டு நாளுக்கு மேல் இது வேண்டாம் என்பதே விதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

வலி மாத்திரை மட்டும் போதுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியவர்களும் ஐபுப்ரோஃபென் எடுத்த பக்கத்தில்தான் அதிகம். தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு 2018-இல் தெரியவந்த செய்தி மலிவானது: வழக்கத்தைவிடத் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறையப் பாதியானது.

குளிர் காய்ச்சல், விலா வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் இருந்தாலோ, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, ஆண், குழந்தை என்றாலோ கடைக்கார அண்ணன் போதாது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். சாய மாத்திரை போட்டிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள். அந்த நிறம் சோதனைப் பட்டையின் முடிவைக் குழப்பும்.