வீட்டுத் தினக்குறிப்பின் பயன்

குடியானவர் வீடுகளில் இராப்போஜனம் முடிந்ததும் அன்றைய சமாசாரங்கள் பேசப்படுவது வழக்கம். பசு தீனி குறைத்தது, கோழி அடைக்கு உட்கார்ந்தது, மருமகள் நட்ட மல்லிகை துளிர்த்தது, மேட்டு வயலில் களை மிகுந்தது என அற்பமாய்த் தோன்றும் செய்திகள் பல வெளிவந்து, விடிவதற்குள் மறக்கப்படுகின்றன. வயலில் விளையும் பயிருக்கு அடங்கல் கணக்கு உண்டு. வீட்டில் நிகழ்பவற்றிற்கோ கணக்கு யாதும் இல்லை. இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று.

யாம் அறிந்த ஒரு குடும்பத்தில் கறவைப் பசு ஒன்று தை மாதத்தில் சினை ஊசி பெற்றது. நாள் குறிக்கப்படவில்லை. பொங்கல் கழிந்த வாரமே என்று மனைவியார் சொன்னார். மாசியில்தான் என்று குடும்பத் தலைவர் சாதித்தார். அவர் சொல்லே நின்றது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்னரே பால் கறப்பதை நிறுத்திப் பசுவுக்கு ஓய்வு அளித்தல் வேண்டும். மாசிக் கணக்கை நம்பி அவர்கள் புரட்டாசி முடியுமட்டும் கறந்து வந்தனர். ஐப்பசி முற்பகுதியிலேயே பசு ஈன்றது. சீம்பால் போதவில்லை, மெலிந்து பிறந்த கன்று ஐந்தாம் நாள் இறந்தது, அந்த ஈற்றில் பாலும் குறைந்தது. எவரும் பொய் சொன்னாரில்லை. ஞாபகமே பொய்த்தது.

அது முதல் அவ்வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் மாடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டியார் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். கறந்த பாலின் அளவை மனைவியாரும், கூலியாள் கணக்கைத் தலைவரும் சொல்லுகின்றனர். கிணற்றில் முடிச்சிட்ட கயிறு விட்டு நீர்மட்டம் பார்ப்பது இளைய மகனின் பொறுப்பு. அவனுக்கு அது விளையாட்டு. குடும்பத்திற்கு அது எச்சரிக்கை. சில வரிகள் வருமாறு:

ஆவணி 3: கோழியை 11 முட்டைகளுடன் அடை வைத்தோம். 21-ஆம் நாள் பார்க்க.

ஆவணி 9: இரவு மழை 14 மில்லி மீட்டர். கிணற்றில் மாறுதல் இல்லை.

ஆவணி 12: செவலைப் பசுவுக்கு மறுபடியும் சினை ஊசி. 21-ஆம் நாள் பருவத்திற்கு வருகிறதா என்று கவனிக்க.

ஆவணி 15: மல்லிகையில் முதற்பூ. பாட்டி சூடிக்கொண்டாள்.

கடைசி வரியால் என்ன பயன் என்று கேட்கலாம். இதற்கு விடை இங்கிலாந்து தேசத்தில் உண்டு. அங்கே நார்போக் ஜில்லாவில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலச்சுவான்தார், மரம் வளர்ப்பதில் மிக்க பிரியமுடையவர், 1736-ஆம் வருஷம் முதல் தம் நிலத்தில் ஆண்டுதோறும் மரங்கள் துளிர்க்கும் நாளையும், தவளை கத்தும் நாளையும், தகைவிலான் குருவி வந்து சேரும் நாளையும் குறித்து வந்தார். அக்குறிப்புக்களை 1789-இல் இராயல் சொஸைட்டியார் வெளியிட்டனர். அவர் சந்ததியார், இடையில் சில காலம் நீங்கலாக, 1958 வரையில் அதனைத் தொடர்ந்தனர். சீதோஷ்ணம் மாறுங்கால் மரங்கள் துளிர்க்கும் நாள் எங்ஙனம் மாறுகிறது என்பதை ஆராய்வோருக்கு இன்று அவ்வீட்டுக் குறிப்பு பெரிதும் உதவுகின்றது. ஒரு பூ மலர்ந்த நாளும் வீணன்று.

இதனைத் தொடங்கச் செலவு அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவுகோல், மழை பிடிக்க நேர்ப்பக்கமுள்ள ஒரு டப்பா ஆகிய இவையே போதும். டப்பாவை மரநிழலும் கூரைச் சொட்டும் படாத வெளியில் வைத்து, பிரதி தினம் காலையில் நீரின் ஆழத்தை அளந்து கொட்டிவிடுக. ஒரு மில்லி மீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் நீராகும் என்பதை நினைவிற் கொள்க. நாளொன்றுக்கு நான்கு வரிகளுக்கு மேல் எழுத முயல வேண்டாம். மிகுதியாய் எழுதத் தொடங்குவோர் விரைவில் நிறுத்திவிடுகின்றனர். கேட்டதை அன்றே எழுதுக. மறுநாள் யூகித்து எழுதற்க. விட்டுப்போன நாளை வெற்றாகவே விடுக.

தேதியின் மதிப்பைக் கிராம அதிகாரிகள் நன்கு அறிவர். அவர்கள் தத்தம் வீட்டில் முதலில் தொடங்கினால் ஊரார் பின்பற்றுவர். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கின்றது. எனினும் அந்நாளுக்குக் காத்திராமல் இன்றிரவே முதல் வரியை எழுதுதல் நலம்.